என் தலை, அவள் வேண்டுதல்

மார்ச் 10, ஞாயிறு

காலை மாத்திரையைத் தேடி அலமாரியின் கீழ்த்தட்டைக் குடைந்தபோது மஞ்சள் துணி முடிச்சு ஒன்று கையில் அகப்பட்டது. உள்ளே ஒரு ரூபாய்க் காசு. இது என்ன என்று சௌந்தரத்தைக் கேட்டேன். தோசைக் கரண்டியைக்கூடக் கீழே வைக்காமல் பதில் சொன்னாள். ஜனவரியில் எனக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் நடந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்தபடியே சமயபுரத்து மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு காசு முடிந்தாளாம். நான் பிழைத்து வீடு வந்தால் மொட்டை போடுவதாக. அவளுக்கு இல்லை, எனக்கு.

என் தலை. என் முடி. எழுபத்தொரு வயதிலும் சீப்பு சிக்கிக்கொள்ளும் முடி. மயக்க மருந்து கொடுத்து என்னைக் கட்டைபோலக் கிடத்தியிருந்த நேரத்தில், நான் ஐம்பது வருடமாக இல்லவே இல்லை என்று சொல்லி வரும் ஒருத்திக்கு அதை என் மனைவி வாக்குக் கொடுத்துவிட்டாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

யாருக்கு இப்படி நடந்திருக்கிறது பாருங்கள். பழனியாண்டி என்று வைத்த பெயரை இருபத்தொரு வயதில் அறவாழி என்று மாற்றிக்கொண்டவனுக்கு. ஐயரும் தாலியும் இல்லாமல் மாலை மாற்றிக் கல்யாணம் செய்தவனுக்கு. துறையூர் டிப்போவில் ஃபோர்மேனாக இருந்தவரை எந்தப் புது பஸ்ஸின் சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைக்க விடாதவனுக்கு. பிரேக் பிடிக்கிறதா என்று பாருங்கடா, பழம் நசுங்குகிறதா என்று பார்க்காதீர்கள் என்று கத்திக் கத்தியே என் தொண்டை கெட்டது.

போட மாட்டேன் என்றேன். சரி என்று சொல்லிவிட்டுத் தோசையைத் திருப்பினாள். அந்தச் ‘சரி’தான் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது.

மார்ச் 11, திங்கள்

இன்று ஒரு புது விஷயம் தெரிந்தது. நேற்றிலிருந்து சௌந்தரம் பச்சைப் பட்டினி. அதாவது, மாசிக் கடைசி ஞாயிறு தொடங்கி இருபத்தெட்டு நாள் சமயபுரத்தாள் ஜனங்களுக்காகத் தானே பட்டினி கிடக்கிறாளாம். அவளுக்குச் சமைத்த படையல் கிடையாது. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர்தான். பக்தர்களும் அப்படியே. என் மனைவிக்கு வயது அறுபத்தாறு.

இது உண்ணாவிரதம், என்னைப் பணிய வைக்கிற வேலை என்றேன். இல்லை, அது வேறு இது வேறு என்றாள். நாற்பத்தைந்து வருடம் கோயில் வாசல் மிதிக்காதவளுக்கு இந்த வருடம் மட்டும் என்ன வந்தது என்றேன். நாற்பத்தாறு என்று திருத்தினாள்.

எனக்கு உப்பில்லாத சாம்பார் வைத்து, எதிரே உட்கார்ந்து மோர் குடித்தாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. கோபத்தில்தான்.

மார்ச் 13, புதன்

நடை இருபது நிமிடம். மூச்சுப் பயிற்சிக் கருவியில் மூன்று பந்தும் ஏறின. கோபம் மட்டும் இறங்கவில்லை.

மார்ச் 15, வெள்ளி

தெருவெல்லாம் மஞ்சள் சேலை, மஞ்சள் வேட்டி. ஒலிபெருக்கிக்காரன் விடிந்ததிலிருந்து விடவில்லை. நடந்து போகிறவர்களுக்கு வாசலில் பானை வைத்து மோர் ஊற்றுகிறாள் சௌந்தரம். நான் உள்ளே உட்கார்ந்து செய்தித்தாளில் வரிவிளம்பரம்வரை படித்தேன்.

பதினொரு மணிக்குப் பூக்கூடை ஏற்றிய வேன் ஒன்று எங்கள் வீட்டெதிரே நின்றுபோனது. ஓட்டுநர் சாவியைத் திருப்பித் திருப்பி பேட்டரியைக் கொன்றுகொண்டிருந்தான். எத்தனை நேரம் கேட்டுக்கொண்டிருப்பது? கனம் தூக்கக் கூடாது என்றுதான் டாக்டர் சொல்லியிருக்கிறார், வாய் திறக்கக் கூடாது என்று சொல்லவில்லை. வெளியே போய் நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்லச் சொல்ல அவனே செய்தான். டீசல் குழாயில் காற்று அடைத்திருந்தது. எடுத்துவிட்டதும் ஒரே திருப்பில் பிடித்துக்கொண்டது.

அவன் என்னைக் கும்பிட்டான். “ஆத்தாதான் ஒங்கள இங்க உக்கார வச்சிருக்கா, ஐயா” என்றான்.

முப்பத்தைந்து வருட வேலை எனக்கு. பெயர் அவளுக்கு. ஆறு மணி நேரம் நின்றுகொண்டே என் இதயத்தைத் தைத்த டாக்டருக்கும் இதே கதிதான். இப்படி அடுத்தவர் உழைப்பையெல்லாம் நோகாமல் தன் கணக்கில் எழுதிக்கொள்கிற ஒருத்திக்கு நான் தலையைக் குனிய வேண்டுமா? நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வருகிறது.

மார்ச் 18, திங்கள்

தையற்கடை மாசிலாமணி வந்தான். அவன் கடை மாடியில்தான் எங்கள் சிந்தனையாளர் வட்டம் கூடுகிறது. ஏப்ரல் ஏழாம் தேதி எனக்குச் சால்வை போடப் போகிறார்களாம், ஐம்பது வருடம் வளையாமல் நின்றதற்காக. ‘நம்பிக்கை என்னும் நோய்’ என்று நான் பேச வேண்டுமாம். அன்றுதான் இவளுடைய விரதமும் முடிகிறது. அன்றைக்கே மொட்டை என்று இவள் நாள் குறித்து வைத்திருக்கிறாள்.

மனம் பொறுக்காமல் மாசிலாமணியிடம் விஷயத்தைச் சொன்னேன். கொதித்தெழுவான் என்று பார்த்தால், டீயைத்தான் ஆற்றிக்கொண்டிருந்தான்.

“அண்ணே, போன வருஷம் பொடுகுத் தொல்லைன்னு மொட்டை போட்டேனே...”

“ஆமா.”

“அது பழனி. பேத்திக்குக் காமாலை வந்தப்ப மருமக வேண்டிக்கிட்டா.”

பொடுகுக்கு நான் வேப்பெண்ணெய் வாங்கிக் கொடுத்திருக்கிறேன் இந்த ஆளுக்கு. துறையூர் முழுக்கத் தேடினாலும் முதுகெலும்புள்ளவன் ஒருவன் அகப்பட மாட்டான் போலிருக்கிறது. கிளம்பும்போது, பொடுகு என்றே நானும் சொல்லிக்கொள்ளலாமாம், அவன் சாட்சி சொல்கிறானாம். போடா என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 20, புதன்

இன்று நானே பேச்சை எடுத்தேன். நம்பாதவன் தலையை மழித்து உன் அம்மனுக்கு என்ன பெருமை, அது அவளுக்கே அவமானம் இல்லையா என்று நியாயமாகத்தான் கேட்டேன்.

“நீங்க நம்ப வேண்டாம். வந்து உக்காந்தா போதும். வாக்குக் குடுத்தது நான்” என்றாள்.

என்னைக் கேட்காமல் எப்படிக் கொடுக்கலாம் என்றேன்.

“யாரக் கேக்குறது? நீங்க மூக்குல கொழாயோட கெடந்தீங்க.”

பழனியாண்டி என்று சொல்லித்தானே வேண்டியிருப்பாய் என்று குத்தலாகக் கேட்டேன். அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. “அறவாழின்னுதான் சொன்னேன். பழைய பேரச் சொன்னா ஒங்களுக்குப் பிடிக்காதே” என்றாள்.

பதில் வராத கோபம் மற்ற கோபத்தைவிட மோசமானது. வெளியே போய்க் கொடிக்கயிற்றை இழுத்துக் கட்டினேன். அதுவும் செய்யக் கூடாத வேலையாம், அதற்கும் திட்டு.

மார்ச் 23, சனி

எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 24, ஞாயிறு

ஓசூரிலிருந்து மகள் தென்றல் வந்திருக்கிறாள். வந்த அரைமணியில் குழாயடியில் குடத்தோடு சௌந்தரம் சரிந்து உட்கார்ந்துவிட்டாள். தலைசுற்றல். தண்ணீர் தெளித்து இளநீர் கொடுத்தோம். விசாரித்தால், நேற்று அந்த மோரும் குடிக்கவில்லை என்கிறாள். மார்ச் இருபத்துமூன்று அவள் எந்த வருடமும் சாப்பிடுவதில்லை. வயிறு சரியில்லை என்பாள். நான் கேட்டுக்கொள்வதில்லை.

தென்றல் என்னைத் தனியே அழைத்துப்போய்ச் சண்டை பிடித்தாள். “நேத்து அண்ணன் போன நாளு. நாப்பது வருஷம் ஆச்சு. அம்மா எந்த மனசோட இருந்திருப்பாங்கன்னு யோசிச்சீங்களா? நீங்க என்னடான்னா முடிக்காக மல்லுக்கு நிக்கிறீங்க” என்றாள்.

அந்த அண்ணனை இவள் பார்த்ததில்லை. அவன் போய் இரண்டு வருடம் கழித்துப் பிறந்தவள். அதையும் இதையும் கலக்காதே என்று சத்தம் போட்டேன். சத்தம் போட்டதில் தையல் இருந்த இடம் வலித்தது. முடிதானே அப்பா, வளர்ந்துடுமே என்றாள். முடிதான். அது எனக்குத் தெரியாதா? டிப்போவில் கிரீஸ் பிடித்ததற்கு எத்தனை தடவை ஒட்ட வெட்டியிருக்கிறேன்!

பிரச்சினை முடி இல்லை. அது என்னவென்று இவளிடம் சொல்ல முடியாது.

மார்ச் 27, புதன்

தென்றல் ஊருக்குப் போய்விட்டாள். சௌந்தரத்துக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்துக் கூட்டி வந்தேன். விரதத்தை நிறுத்தச் சொன்னார் டாக்டர். தலையாட்டிவிட்டு வந்து துள்ளுமாவு இடித்தாள்.

அமைதியாக உட்கார்ந்து ஒரு தரம் யோசித்தால் என்ன என்று தோன்றியது.

84-இல் எங்கள் மகனுக்கு மூளைக்காய்ச்சல். காய்ச்சல் ஏறிய அன்றே டிப்போ ஜீப்பில் திருச்சிக்குக் கொண்டுபோனோம், ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கவில்லை. மூன்றாம் நாள் சௌந்தரம் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். நான்கு வயதாகியும் நீங்கள் அவனுக்கு முதல் மொட்டை போட விடவில்லை அல்லவா, அந்த முடியைச் சமயபுரத்துக்குத் தருவதாக வேண்டிக்கொள்கிறேன், சரி என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றாள். நான் சொல்லவில்லை. நீ வேண்டிக்கொண்டால் நான் வீட்டுக்குத் திரும்ப மாட்டேன் என்றேன். முப்பத்தோரு வயது எனக்கு. கொள்கை என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். ஐந்தாம் நாள் அவன் போய்விட்டான்.

இப்போது எனக்காக வேண்டியிருக்கிறாள், நான் பிழைத்திருக்கிறேன். அது பலித்தது என்று நான் தலையைக் கொடுத்து ஒப்புக்கொண்டால், அதே வழியில் பார்த்தால், அன்றைக்கு நான் ஒரு வார்த்தை

மாத்திரைக்கு நேரமாகிவிட்டது.

மார்ச் 30, சனி

திங்கட்கிழமை திருச்சியில் மறுபரிசோதனை. காப்பீட்டு அட்டையைக் காணவில்லை. சௌந்தரம் கடைக்குப் போயிருந்ததால் அவள் தகரப்பெட்டியைத் திறந்தேன். அட்டை மேலேயே இருந்தது. அதோடு மூடியிருக்கலாம்.

அடியில் சின்னச் சட்டை ஒன்று, நீலக் கட்டம் போட்டது. அதை இவள் வைத்திருப்பது எனக்குத் தெரியாது. சட்டைக்குள் இன்னொரு முடிச்சு. மஞ்சள் போய் வெளுத்து, தொட்டால் கிழிந்துவிடும் போன்ற துணி. பிரித்தேன். ஒரு நாலணா. இப்போது பிச்சைக்காரர்கூட வாங்காத காசு.

எப்படி இருந்ததோ அப்படியே கட்டி வைக்கப் பார்த்தேன். இரண்டு மூன்று தடவை கட்டியும் அவள் கட்டியதுபோல வரவில்லை.

மார்ச் 31, ஞாயிறு

கேட்டுவிட்டேன். துணியை அவள் முன்னால் வைத்து, இதை எப்போது முடிந்தாய் என்றேன்.

அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். “நீங்க வேண்டாம்னு சொல்லிட்டு டாக்டரப் பாக்கப் போனீங்கள்ல. அப்ப முடிஞ்சேன். சீலைத் தலைப்பக் கிழிச்சு, பக்கத்துக் கட்டில்காரம்மாகிட்ட மஞ்ச வாங்கி நனைச்சு. மொத முடி ஒனக்குத்தான், பிள்ளைய மட்டும் குடுத்துடுன்னு கேட்டேன்.”

“அப்பறம்?”

“அப்பறம் என்ன. போயிட்டான்.”

நாற்பது வருடம். நாற்பது வருடமாக இவள் இதை என்னிடம் சொல்லவில்லை. எத்தனை கூட்டத்தில் பேசியிருக்கிறேன், எத்தனை பேரை மடக்கியிருக்கிறேன், மேடையிலிருந்து இறங்கி வந்து படுத்தால் ஒரே கேள்வி. அன்றைக்குச் சரி என்று சொல்லியிருந்தால்? எவன் கேட்டாலும் பதில் சொல்லிவிடுவேன், எனக்கு நானே சொல்லிக்கொள்ள முடியவில்லை. ஐம்பது வருடம் இல்லை என்று சொன்னவன், அதில் நாற்பது வருடம் அந்தச் சமயபுரத்தாளுக்குப் பயந்துகொண்டிருந்தேன். கேவலம். கடவுள் இல்லை என்பவன் தண்டனை மட்டும் உண்டு என்று நம்பியிருக்கிறேன்.

கத்தினேன். நாற்பது வருஷமும் நான் என்ன நெனச்சிட்டு இருந்தேன்னு தெரியுமா ஒனக்கு என்றேன். என்ன நெனச்சீங்க என்று கேட்டாள். சொல்ல வாய் வரவில்லை. ஆனால் அவளுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள்தான் பேசினாள்.

“நான் வேற நெனச்சேன். ஒங்களுக்குத் தெரியாம, யாரும் பாத்துடுவாங்களோன்னு பயந்து பயந்து வேண்டினேன். திருட்டு வேண்டுதல். மனசார வேண்டியிருந்தா கேட்டிருப்பாளோன்னு. அந்தக் காச உண்டியல்ல போடவும் முடியல, செலவழிக்கவும் மனசு வரல.”

ஒரே வீடு. ஒரே பாய். இவள் ஒரு பக்கம் தன்னால்தான் என்று, நான் ஒரு பக்கம் என்னால்தான் என்று. உப்பில்லாத சாம்பாரைப் பற்றி இத்தனை பேசியிருக்கிறோம், இதைப் பேசவில்லை.

கடைசியில் ஒன்று கேட்டேன், நிஜமாகவே புரியாமல்தான் கேட்டேன். கேட்டுக் கொடுக்காத இடத்துக்கு ஜனவரியில் எதற்கு மறுபடியும் போனாய்?

“டாக்டருக்கு உள்ள வேல இருந்துச்சு. வராந்தாவுல எனக்கு என்ன வேல இருந்துச்சு, சொல்லுங்க?”

ஏப்ரல் 1, திங்கள்

மறுபரிசோதனை நல்லபடி முடிந்தது. இதயம் நன்றாக இருக்கிறதாம். டாக்டருக்கு நன்றி சொன்னேன். எங்கள் கையில் என்ன இருக்கிறது என்று மேலே கையைக் காட்டினார். இவருமா!

ஏப்ரல் 3, புதன்

நான் மறுத்ததால் அவன் சாகவில்லை. மூளைக்காய்ச்சலில் செத்தான். இந்த இரண்டு வரியை எழுத எனக்கு நாற்பது வருடம் ஆகியிருக்கிறது. எழுதிவிட்டுத் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். சௌந்தரம் வந்து முதுகைத் தடவிக்கொடுத்தாள், நெஞ்சு எலும்பு கூடியிருக்காது, அழாதீங்க என்றாள்.

அன்று வேண்டியும் பலிக்கவில்லை என்றால், இன்று பலித்தது என்றும் ஆகாது. ஆக, நான் தலையைக் கொடுத்தாலும் எதையும் ஒப்புக்கொண்டதாகாது. முடி வெறும் முடி. வாக்கு அவளுடையது. அதைக் காப்பாற்ற அவளுக்குத் தேவைப்படுவது என் தலை. அது எங்கே இருக்க வேண்டும் என்று நான்தான் முடிவு செய்ய முடியும்.

இதை எழுதும்போதும் கோபம் போகவில்லை. என்னைக் கேட்டிருக்கலாம். அன்றைக்குக் கேட்டபோது நான் சொன்ன பதில் அப்படி, அதனால் கேட்கவில்லை. அதுவும் தெரிகிறது.

மாசிலாமணியிடம் ஏழாம் தேதி வரமுடியாது என்று சொன்னேன். காரணம் கேட்டான். மொட்டை என்றேன். பொடுகா அண்ணே என்றான். இல்லை, சமயபுரம் என்றேன். சால்வையை மடித்து வை, மொட்டைத் தலையோடு வந்து வாங்கிக்கொள்கிறேன், அப்போதும் இல்லை என்றுதான் பேசுவேன், கேட்கத் தைரியம் இருந்தால் கூட்டம் போடு என்றேன்.

ஏப்ரல் 7, ஞாயிறு

மண்ணச்சநல்லூரில் பஸ் மாறிப் போனோம். முதல் பஸ்ஸின் கிளட்சைத் தேய்த்தே கொன்றுவிட்டான் ஓட்டுநர். வாயை மூடிக்கொண்டு வர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சமயபுரத்தில் கால் வைக்க இடமில்லை. யாருடைய குழந்தையோ என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு பாதி வழி வந்தது. இத்தனை பேரும் என்ன கேட்டு வந்தார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது என்று யாராவது எண்ணிப் பார்த்தார்களா? எண்ண மாட்டார்கள். நெஞ்சு கொதிக்கத்தான் செய்தது. முன்பெல்லாம் இவர்களை முட்டாள்கள் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவேன். இன்று அந்த வார்த்தை வரவில்லை. எல்லாரும் ஏதோ ஒரு வராந்தாவில் உட்கார்ந்துவிட்டு வந்தவர்கள்போல இருந்தார்கள்.

முடியெடுக்கும் இடத்தில் வரிசையில் நின்றோம். சௌந்தரத்தின் கையில் புது முடிச்சு. வெளுத்த முடிச்சு என் சட்டைப்பையில் இருப்பது அவளுக்குத் தெரியாது. பெட்டியிலிருந்து நான்தான் எடுத்து வந்தேன்.

எங்கள் முறை வந்தது. பலகையில் உட்கார்ந்தேன். கத்திக்குப் புது பிளேடு மாட்டிக்கொண்டே, வேண்டுதல் ஒருத்தருக்குத்தானே என்று கேட்டார் முடியெடுப்பவர். ஆமாம் என்றாள் சௌந்தரம்.

“ரெண்டு பேருக்கு” என்றேன். பையிலிருந்து அந்தத் துணியை எடுத்து அவள் கையில் வைத்தேன்.

“இன்னொருத்தர் யாருங்க?”

“என் மகன். பேரு செம்பியன். நாலு வயசு.”

அவர் கழுத்தை நீட்டி எங்களுக்குப் பின்னால் பார்த்தார். “பிள்ள எங்க? கூப்பிடுங்க, சின்னதுக்கு மொதல்ல எடுத்துடுவோம். கூட்டத்தப் பாத்து மெரண்டுக்கும்.”

என் தோளில் சௌந்தரத்தின் கை இறுகியது.

“அவனுக்கும் சேத்து எனக்கே எடுத்துடுங்க” என்றேன்.

அவர் எங்கள் இருவரையும் ஒரு தரம் பார்த்தார். பிறகு என் தலையில் தண்ணீர் தெளித்தார்.